துட்டி சொல்லாத பகல்

கல்லறைத் தோட்டத்துக்குள் போக டிக்கெட் கிடையாது என்று குமரகுரு சொன்னதும் நெல்லையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதல் ஆளாக இரும்புக் கேட்டைத் தாண்டி உள்ளே போய், "ஏட்டி ஆவுட, வா வா, முந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவனெல்லாம் இங்கனதான் கெடக்கானாம்" என்று பொருட்காட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி மனைவியைக் கூப்பிட்டார். சங்கரன்கோவிலில் சுடுகாட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம்கூட உட்காராத மனுசன். பங்காளி வீட்டுக் காரியத்துக்குப் போய் வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டு வெந்நீர் கேட்பவர். இங்கே, பாஸ்டனில், கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கல்லறை கல்லறையாகக் குனிந்து வயசு பார்க்கிறார். வெள்ளைக்காரன் பிணத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. ஆவுடையம்மாள் கேட்டுக்கு வெளியே நடைபாதையில், செங்கல் பதித்த அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் நின்றாள். இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஊரின் பழைய இடங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று மகன் காரில் வரும்போது சொன்னான். எல்லாவற்றையும்தான் சொன்னான். யாரை யார் சுட்டார்கள், எந்தச் சபையில் கூடி என்ன பேசினார்கள், எந்தக் கப்பலிலிருந்து தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், எல்லாம். தன் தாய்மாமன் செத்துப்போனான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த ஊர் வீட்டுச் சுவரெல்லாம் பலகைச் சுவர். அடுத்த அறையில் தும்மினால் இந்த அறையில் இருந்துகொண்டு நூறாயுசு சொல்லலாம். விடிகாலையில் பாத்ரூமில் பிரஷ்ஷை வாயில் வைத்தபோதுதான் ஹாலில் பேச்சு கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். புளியங்குடியிலிருந்து தம்பி மகன் ஆறுமுகம். "அப்பா மத்தியானம் சாப்ட்டுட்டுக் கடைக்குப் பொறப்பட்டாரு அத்தான். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சிட்டாரு. நாளைக்குக் காலைலதான் எடுக்கோம்." அப்புறம் அழுகை. அப்புறம் ஸ்பீக்கர் நின்றது, கிசுகிசு தொடங்கியது. "அம்மாட்ட எப்படிப்பா சொல்ல?" என்று குமரகுரு கேட்டான், அந்தக் குரலில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, அதை அவள் இல்லையென்று சொல்லமாட்டாள். "இப்பம் சொல்லாண்டாம்" என்றார் நெல்லையப்பன். "சனிக்கெழம பேரனுக்குக் காதுகுத்து முடியட்டும். சொன்னா ஒப்பாரி வச்சு ஊரக் கூட்டிருவா. ஊருக்குப் போணும்னு ஒத்தக்கால்ல நிப்பா. காதுல விழாத வரைக்கும் தீட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது." மருமகள் யாமினி, "எங்க அண்ணன் டெக்சாஸ்ல இருந்து டிக்கெட் போட்டுட்டான், ஹால் புக் பண்ணியாச்சு" என்றாள். பிறகு அவளே, "பாவம் அத்தை" என்றும் சொன்னாள். வீட்டில் இருந்தால் யாராவது போன் பண்ணிச் சொல்லிவிடுவார்கள், அதனால் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் நாள் முழுக்கச் சுற்றிக்காட்டுவது என்று முடிவாயிற்று. குமரகுரு அந்த நிமிஷமே ஆபீசுக்கு லீவு சொன்னான். வந்த நாளிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், கோவிலுக்குப் போகலாமா என்று அவள் கேட்டும் கிடைக்காத லீவு. ஆவுடையம்மாள் வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் இருந்தவளுக்கும் அழத் தெரியவில்லை.

காப்பி குடிக்கும்போது சொல்லுவான் என்று நினைத்தாள். சொல்லவில்லை. காரில் பெல்ட்டை மாட்டிவிடும்போது அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில் அவன் முகம் வந்தது, இப்போது சொல்லுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள், "டைட்டா இருக்காம்மா?" என்று கேட்டான். எவ்வளவு பகையாக இருந்தாலும், வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து நடந்த வீடாக இருந்தாலும், ஒரு சாவு விழுந்தால் ஆள் அனுப்பித் துட்டி சொல்லுவார்கள் ஊரில். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், சொல்லாமல் விடமாட்டார்கள். பகையாளிக்குக் கிடைக்கும் மரியாதை இது. பெற்ற மகன் பெல்ட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கிறான். நானே கேட்டுவிடட்டுமா, எனக்குத் தெரியுமடா என்று சொல்லிவிடட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்ததுதான். ஆனால் சொன்னால் நெல்லையப்பன் முதலில் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். ஏட்டி, தெரிஞ்சுக்கிட்டேதான் பிள்ளையத் தூக்கினியா? அதைத்தான் கேட்பார். தூக்கினாள், உண்மைதான். காலையில் பேரன் தவழ்ந்து வந்து காலைக் கட்டினான், தூக்கிவிட்டாள். தலைக்கு ஊற்றாமல், தம்பி செத்த செய்தி காதில் இருக்கும்போதே, பச்சைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒன்றும் ஆகாது. சளி பிடித்தால்கூட நம்மைத்தான் சொல்லுவார்கள். தம்பி லிங்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பான் இந்நேரம். அவனுக்குக் குளிரே ஆகாது, மார்கழியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கடை திறப்பான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். வெயில் சுட்டெரித்தது.

"உள்ள வாங்க அத்தை, நிழலா இருக்கு" என்று யாமினி பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டே கையைப் பிடித்தாள். உள்ளே போனாள். பழங்காலத்து மூன்று முனைத் தொப்பி வைத்த ஒருத்தன் கூட்டத்துக்கு நடுவில் நின்று நாடகம்போல் பேசிக்கொண்டிருந்தான், எல்லோரும் சிரித்தார்கள். கருங்கல் பலகைகளில் சிறகு முளைத்த மண்டையோடுகள் பல்லைக் காட்டின. குமரகுரு சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்: "அந்தக் காலத்துல கல்லெல்லாம் தாறுமாறா இருந்துச்சாம்மா. புல்லு வெட்ட எடஞ்சலா இருக்குன்னு பின்னால வந்தவங்க எல்லாத்தையும் பிடுங்கி வரிசையா நட்டுட்டாங்களாம். அதனால கல்லு ஓரிடம், ஆளு ஓரிடம்." நெல்லையப்பன் அதற்கு ஓஹோ என்று சிரித்தார். அவர்கள் சௌகரியத்துக்குச் செத்தவர்களை நகர்த்திவைத்தார்கள், அவ்வளவுதானே. இதிலே சிரிக்க என்ன இருக்கிறது. நம் வீட்டிலும் புதன்கிழமைச் சாவைப் பிடுங்கிச் சனிக்கிழமைக்கு அந்தப் பக்கம் நட்டுவைத்திருக்கிறார்கள். புல் வெட்ட வேண்டுமே.

தீட்டென்றால் என்ன என்று இந்த நெல்லையப்பனுக்குத் தெரியாதா? இவர் சொல்லித்தானே அவளுக்கே தெரிந்தது. லிங்கத்துக்குக் கல்யாணம் வைத்த வாரத்தில் மேலத்தெருவில் இவருடைய பங்காளி ஒருத்தர் செத்துப்போனார். ஒன்றுவிட்டதோ ரெண்டுவிட்டதோ, சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போய் ஏழெட்டு வருஷமாய் முகம் பார்க்காத மனுசன். பதினாறாம் நாள் வரைக்கும் நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்றார் இவர். "எந்தம்பி கல்யாணம்லா" என்றாள். "தம்பி கல்யாணம்னா? மொறன்னா மொறதான்" என்றார். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள்தான் முடிச்சுப் போட வேண்டும். பெரியம்மா மகள் போட்டாள். ஆவுடையம்மாள் அன்றைக்கு அரைத்தது வெறும் துவையல். அம்மியில் அரைத்துக்கொண்டே இருந்தாள், மேளச்சத்தம் கேட்கிற தூரமா அது, இருந்தும் கேட்டது. இரண்டு நாள் கழித்து லிங்கம் புதுப்பெண் பகவதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். வீட்டுக்குள் வரவில்லை, தெருவில் நின்றான். இவள் வாசற்படிக்கு உள்ளே நின்றாள். "அக்கா, அந்தப் பிள்ள போட்ட முடிச்சு தளந்துதான் இருக்கு. தீட்டு கழிஞ்சதும் வந்து இறுக்கிட்டுப் போ" என்று சிரித்தான். பகவதி வெட்கப்பட்டுத் தாலியைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். போய் இறுக்கவேண்டும் என்று ஆவுடையம்மாள் நினைத்தாள், பிறகு பிள்ளைப்பேறு, மாமியாருக்கு முடியாமல் போனது, அது இதுவென்று போகவில்லை, பிறகு அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. இன்னும் பதினாறு நாளில் அந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப்போகிறார்கள். யாரோ போட்டது, யாரோ அவிழ்ப்பார்கள். இவருடைய பங்காளிக்காக இவள் தம்பி கல்யாணத்துக்குப் போவது நின்றது. இவளுடைய தம்பிக்கு எது நின்றது? மகன் கார் ஓட்டினான், மருமகள் தண்ணீர் பாட்டில் எடுத்துவைத்தாள், புருஷன் கேமராவுக்கு பேட்டரி போட்டார்.

"கால் வலிக்கா?" என்று நெல்லையப்பன் கேட்டார். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தக் கேள்வியை அவர் கேட்டது இன்றைக்குத்தான். அவளுடைய பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சிவப்புக் கோடு ரோட்டைக் கடந்தது, ஒரு பழைய சபை வீட்டுக்குள் போய் வெளியே வந்தது, கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் நெளிந்தது. ஒவ்வொரு இடத்திலும் அவளை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "சிரிம்மா" என்றான் குமரகுரு. சிரித்தாள், சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் நல்லதுதானே? இல்லை, கண்டுபிடிக்கக்கூடாது, சொல்லவேண்டும். அவர்களாக வந்து சொல்லவேண்டும். என்னை ஒரு மனுஷியாக நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, லிங்கம் போயிட்டான் என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் இந்த நடை நடக்கிறாள். "எம்போன் எங்க?" என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார்ஜே இல்லம்மா, வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டேன்" என்றான். "லிங்கத்துட்டப் பேசி ரெண்டு நாளாச்சு" என்றாள், அவன் கண்ணைப் பார்த்து. வேண்டுமென்றேதான் சொன்னாள். கதவை அகலத் திறந்துவைத்து வா என்று கூப்பிட்ட மாதிரி. "அங்க இப்பம் ராத்திரிம்மா. மாமா தூங்கியிருப்பாங்க" என்றான் அவன். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடத் தட்டவில்லை.

தூங்கியிருப்பாங்க. சின்ன வயதில் பொய் சொன்னால் இவனுக்குக் காது மடல் சிவந்துவிடும். இப்போது பார்த்தாள், சிவக்கவில்லை. அந்தக் காதைக் குத்தியபோது இவன் உட்கார்ந்திருந்தது லிங்கத்தின் மடியில்தான், திருச்செந்தூரில், கடற்காற்றில் மணல் பறந்துகொண்டிருந்தது. ஊசி இறங்கியதும் மாமன் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்தது. லிங்கம் கையை இழுக்கவில்லை, "கடிடா மருமவனே, நல்லாக் கடி" என்று சிரித்துக்கொண்டே இருந்தான், கண்ணில் மட்டும் தண்ணீர். பல் பட்ட தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது. எலுமிச்சை மூட்டையை எடைபோடும்போது யார் கேட்டாலும், "அமெரிக்கா இன்ஜினீயர் கடிச்சது" என்று காட்டுவான். தினமும் காலையில் ஒரு குரல் செய்தி அனுப்புவான். "அக்கா, அங்க இன்னைக்கு எலுமிச்சம்பழம் என்ன வெல?" ஒரு பழத்துக்கு அவள் சொல்லும் விலையைக் கேட்டுக் கடையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டிச் சிரிப்பானாம். இரண்டு நாளாக அவள் பதில் அனுப்பவில்லை. காதுகுத்துப் பலகார வேலை. முறுக்குக்கு மாவு இடித்து, அதிரசத்துக்குப் பாகு வைத்து. அவன் விலை கேட்டபடியே போய்விட்டான்.

மத்தியானம் பழைய மார்க்கெட் கட்டடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிணம் எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று அவள் காலைக் காப்பிக்குப் பிறகு ஒன்றையும் தொடவில்லை. அந்தக் காப்பியைக் குடித்ததே உறுத்திக்கொண்டிருந்தது. "வயிறு சரியில்ல" என்றாள். வயிற்றுக்குக் குளுமையாக இருக்கும் என்று யாமினி ஐஸ்கிரீம் வாங்கிவந்து கையில் கொடுத்தாள். அது உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது. நெல்லையப்பன் ரொட்டிக்குள் காய் வைத்த ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து வாய் நிறையக் கடித்தார். மச்சினன் செத்துக்கிடக்கிறான், இவருக்கு உதட்டோரம் சாஸ் வழிகிறது. எத்தனை தீபாவளிக்கு அந்த மச்சினன் வேட்டி எடுத்துக் கொண்டுவந்து காலில் விழுந்திருக்கிறான். இந்த வாயை நாற்பது வருஷமாகப் பார்க்கிறாள், இன்றைக்குத்தான் அருவருப்பாக இருந்தது. அருவருப்பு என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், இரண்டு தடவை. அங்கே இப்போது நடுராத்திரி ஆகப்போகிறது. இங்கே இருட்டுகிறபோதே, இவர்கள் வீடு போய்ச் சேர்ந்து டிவி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே, அங்கே விடிந்துவிடும். தண்ணீர் எடுத்து வருவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், தூக்கிவிடுவார்கள். முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கோங்க என்று ஒரு குரல் கேட்கும். அப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள்? பேரனுக்குப் பருப்புச் சாதம் பிசைந்துகொண்டிருப்பாள். சனிக்கிழமை ராத்திரி இவர்கள் வந்து சொல்லுவார்கள், சாம்பல் ஆனபிறகு, பக்குவமாக. அதற்குள் அந்த முகம் உலகத்தில் எங்குமே இருக்காது.

கார் நிறுத்தியிருந்தது புல்வெளிப் பூங்காவுக்கு அடியில் என்பதால் திரும்ப அங்கே வந்தார்கள். நடுவில் ஒரு குளம். குளமென்று பெயர்தான், கணுக்கால் தண்ணீர், நடுவில் ஊற்று பீறிட்டு மேலே போய் மழையாக விழுந்தது. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தன. "போலாமா? வீட்டுக்குப் போயி நல்லா ஒரு காப்பி போடு" என்றார் நெல்லையப்பன். அவ்வளவுதான், ஊர் பார்த்து முடிந்தது. இனிமேல் சொல்லுவதற்கு இடமில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து வைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கைவிட்டுப் போன மாதிரி லேசாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகாமல் அப்படியே தண்ணீருக்குள் நடந்து போய், ஊற்றுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தண்ணீர் தலையில் கொட்டியது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. "எந்தம்பீ" என்று ஒரு சத்தம் வந்தது, அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குக் குளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினார்கள். "ஏட்டி, என்ன கூத்து இது, எந்திரி" என்று ஓடி வந்த நெல்லையப்பன் கரையில் அப்படியே நின்றுவிட்டார். சேலையோடு தலைக்கு ஊற்றிக்கொள்ளும் பொம்பளை எதைக் கேட்டிருக்கிறாள் என்பதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. யாமினி பிள்ளை வண்டியைப் பின்னால் இழுத்தாள். கொஞ்சம்தான் இழுத்தாள். ஆவுடையம்மாள் அதையும் பார்த்தாள்.

எழுந்து கரைக்கு வந்தாள். "ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் நெல்லையப்பன். ஒருத்தரும் சொல்லல என்றாள். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு அவளிடம் இல்லை, மகனிடம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்: "கெட்டிக்குடுத்த பொம்பளைக்குப் பொறந்த வீட்டுத் துட்டி மூணு நாள்தான். வெள்ளியோட கழிஞ்சிரும். சனிக்கெழமைக்கு ஒண்ணும் எடஞ்சல் இல்ல." குமரகுரு தலையைக் குனிந்துகொண்டான். இப்போது காது சிவந்திருந்தது, ஆனால் யாருக்கு வேண்டும் அது. "போனப் போடு" என்றாள். "வீடியோவுல போடு. எந்தம்பி மொகத்த நான் பாக்கணும்."

போட்டான். ஆறுமுகத்தின் முகம் வந்தது, "அத்தை" என்றான், போனைத் திருப்பினான். கண்ணாடிப் பெட்டி, அதன் மேல் டியூப் லைட்டின் வெளிச்சம், மாலைக் குவியல். நடுவில் லிங்கம். நெற்றி நிறைய விபூதி, தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி. வலது புருவத்தில் ஒரு முடி மட்டும் எப்போதும் நட்டுக்கொண்டு நிற்கும், இப்போதும் நின்றது. யாராவது படியத் தடவிவிடக்கூடாதா என்று நினைத்தாள். ஆசை தீரப் பார்த்தாள். ஆசை தீரவில்லை. போனுக்குள் பகவதியின் குரல் கேட்டது, கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். "மதினி, பாத்துக்கிடுங்க. நீங்க கேக்கலியேன்னு நான் ஒண்ணும் நெனைக்கல. பேரன் விசேசம் முடியட்டும், அதுவரைக்கும் எங்கிட்ட இதப் பத்திப் பேசாண்டாம்னு நீங்கதான் சொல்லச் சொன்னியளாம்லா, அண்ணாச்சி போன்ல சொன்னாவ. நல்ல காரியம், அதுவும் நடக்கணும்லா மதினி. அவுகளும் இருந்தா அதத்தான் சொல்லியிருப்பாவ."

ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நெல்லையப்பன் வேறெங்கோ, மேட்டுச் சட்டசபைக் கட்டடத்தில் மினுங்கிக்கொண்டிருந்த தங்கக் கும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன சொல்லுக்கெல்லாம் அவள் தலையாட்டியிருக்கிறாள். அவருடைய பொய்யை நாலு பேர் முன்னால் மெய்யாக்கியும் கொடுத்திருக்கிறாள். இது அப்படியில்லை. இது அவள் வாய்க்குள் கையை விட்டு, அவள் தம்பி பிணத்துக்கு முன்னால், அவள் குரலில் பேசிய பேச்சு. "பகவதி, நான் அப்படிச் சொல்லல" என்றாள். "காலைல இருந்து எங்கிட்ட ஒருத்தரும் துட்டியே சொல்லல. ஒங்கிட்ட அப்படிச் சொன்னவுக இங்கதான் நிக்காக. எந்தம்பியப் பாத்து அவுகளே சொல்லட்டும்." போனைத் திருப்பி நெல்லையப்பன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் ஒரு எட்டு பின்னால் போனார்; அவளும் ஒரு எட்டு முன்னால் போனாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறக்கும் வரைக்கும் கையை இறக்குவதில்லை என்று நின்றாள்.